போனில் கேட்ட துக்கம்

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில், ‘இலக்கியா மோட்டார்ஸ்’ ஷட்டரை மணிமேகலை தூக்கி முடிப்பதற்குள் அவள் கைப்பையில் போன் ஒருமுறை அதிரும். அது குணசேகரனின் வாய்ஸ் மெசேஜ் என்று எடுத்துப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். மனுஷனுக்கு டைப் அடிக்க வராது. வந்தாலும் அடிக்க மாட்டார். பேச வாய் இருக்கும்போது விரலுக்கு எதற்கு வேலை என்கிற கட்சி.

“அண்ணி, வணக்கம். அந்த ஒன்றரை எச்பி மோட்டாரு லாரில ஏறிருச்சு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்து எறங்கிரும். காரையூர்க்காரவுகட்ட சொல்லிருங்க. சரி அண்ணி, போயிட்டு வாரேன்.”

கட்டுமாவடியில் தன் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறவர் எங்கே போகிறார், எங்கிருந்து திரும்பி வருகிறார்? ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் அந்த வார்த்தை காதில் விழுந்தால்தான் கல்லாவில் உட்காரவே மனசு வரும் என்று ஆகிவிட்டது. ஒரு நாள் அவர் ஏதோ அவசரத்தில் அதைச் சொல்லாமல் மெசேஜை முடித்துவிட, என்னவோ ஏதோ என்று அவளே கூப்பிட்டு விசாரித்தாள். “ஒண்ணுமில்ல அண்ணி, பால் பொங்கிருச்சு” என்றார்.

குணசேகரன் தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்றின் விற்பனைக்காரர். மாவட்டம் முழுக்க உள்ள மோட்டார் கடைகள் அவர் பொறுப்பு. கொரோனாவுக்கு முன்னால் கடற்கரைக் கோடியிலிருந்து இந்த மேற்குக் கோடிக்கு மாதம் ஒரு தடவையாவது வந்துவிடுவார். மணிமேகலையின் கணவர் ஆண்டியப்பன் கடையில் உட்கார்ந்து வடையும் டீயுமாக அரைநாளைக் கழிப்பார். ஆர்டர் எடுப்பது கடைசிக் கால்மணி நேரத்தில்தான். அப்போதெல்லாம் மணிமேகலை வீட்டோடு இருந்தாள். “குணா வந்தான், குணா சொன்னான்” என்று கணவர் வாயால் கேட்டதோடு சரி, ஆளை நேரில் பார்த்ததில்லை.

இரண்டாவது அலையில், ஒரு வைகாசி மாதக் காலையில் ஆண்டியப்பன் ஆம்புலன்சில் ஏறினார். ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே ஏறினார். உள்ளே உட்கார்ந்து மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி, “கடைச் சாவி பீரோவுல இருக்கு. போயிட்டு வாரேன்” என்றார். அவ்வளவுதான். மணிமேகலையும் மகள் இலக்கியாவும் வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் நோட்டீசுக்குப் பின்னால் அடைந்து கிடந்தார்கள். அவளுடைய தம்பி மட்டும் புதுக்கோட்டைக்குப் போய், தூரத்தில் நின்று எரிவதைப் பார்த்துவிட்டு, ஒரு சின்னச் சாம்பல் சட்டியோடு திரும்பி வந்தான். அந்தச் சட்டியையும் வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு, தெருவில் நின்றபடியே அழுதான்.

முகத்தைப் பார்க்கவில்லை. குளிப்பாட்டவில்லை, கோடித்துணி போடவில்லை. சட்டியைக் காட்டி இதுதான் ஒன் புருசன் என்றால் எந்த மனசு ஒத்துக்கொள்ளும்? மணிமேகலையின் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. போயிட்டு வாரேன் என்று சொன்ன மனுஷர். சொன்னால் வருகிற மனுஷர். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. பைத்தியம் என்பார்கள்.

சட்டி வந்த அன்று சாயங்காலம், வீட்டிலேயே விட்டுப்போன ஆண்டியப்பனின் போன் அடித்தது. அவருக்கு வந்த போனைத் தான் எடுப்பது தப்போ என்று யோசித்துக்கொண்டே எடுத்தாள். எடுத்த எடுப்பில் அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் கதறியது. “அண்ணே… அண்ணே போயிட்டியேண்ணே…” யார் என்று அவளுக்கு விளங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் அழுதார், அழுதார், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி அழுதார். அவளுக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள். யார் வீட்டுச் சாவையோ யாரோ தவறுதலாகத் தன்னிடம் சொல்வதாகப் பட்டது.

ஊரடங்கு தளர்ந்ததும் சொந்தக்காரர்கள் ஒன்றிரண்டு பேராக வந்தார்கள். கிட்ட வரப் பயந்து வாசலிலேயே நின்று, மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். வியாபார வட்டாரத்தில் ஒருத்தர் வரவில்லை. கம்பெனி வாட்ஸப் குரூப்பில் கும்பிடு பொம்மையாக வந்து விழுந்தது. அத்தனைக்கும் கீழே மறுநாளே தள்ளுபடி விளம்பரமும் விழுந்தது.

ஆண்டியப்பன் அப்படிப்பட்டவர் இல்லை. வியாபாரத்தில் பழகியவர் வீட்டுச் சாவு என்றால் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். கஜா புயல் அடித்த வாரம் குணசேகரனின் அம்மா தவறிவிட்டார். கரண்டு இல்லை, போன் இல்லை. ஒரு லாரி டிரைவர் சொல்லித்தான் சேதி தெரிந்தது. ரோடு முழுக்கத் தென்னை மரங்கள் குறுக்கே கிடந்தன. ஆண்டியப்பன் பாதி வழியில் வண்டியைப் போட்டுவிட்டு மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து போனார். மறுநாள் காலெல்லாம் சிராய்ப்போடு வந்து, கொல்லையில் தலைக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டபடி சொன்னார்: “சின்னப் பய மாதிரி அழுகுறான் மணி. ரெண்டு கையையும் நீட்டுனேன், விடவே மாட்டேங்குறான். அப்புறம் மெதுவா எந்திரிச்சு, சொல்லிக்காம வந்துட்டேன்.”

கடையை விற்றுவிடச் சொன்னவர்களே அதிகம். மணிமேகலை பீரோவைத் திறந்து சாவியை எடுத்தாள். அவர் வரும்போது கடை இருக்க வேண்டாமா?

அவளுக்கு மோட்டாரைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. குணசேகரனுக்கோ போனைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆன்லைனிலேயே வேலை நடக்கிறதே என்று கம்பெனி அவர் பெட்ரோல் காசை நிறுத்தி, ஆர்டரெல்லாம் ஆப்பில் எடு என்று சொல்லிவிட்டிருந்தது. வீடியோ காலில் அவர் நெற்றி மட்டும் தெரியும். “குணா சார், போனைக் கொஞ்சம் கீழ எறக்குங்க” என்று இவள் சொல்ல, மேல்சட்டைப் பித்தான் மட்டும் தெரியும். இவள் ஒரு மோட்டாரைத் தூக்கிக் காட்டி “இதுல எது சார் உள்ள போற ஒயரு?” என்பாள். அவர் அங்கிருந்து “அங்கிட்டு இல்ல அண்ணி, இங்கிட்டு, இங்கிட்டு” என்று ஸ்க்ரீனுக்கு வெளியே கையை நீட்டுவார். ஆப்பில் ஆர்டர் ஏற்ற அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆலவயல் விவசாயியிடம் கிணற்று ஆழத்தைக் கேட்டு எந்த மோட்டார் தருவது என்று அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருஷத்தில் கடை நிமிர்ந்துவிட்டது. பேசாத நாள் கிடையாது. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, இலக்கியாவுக்குச் சென்னைக் கம்பெனியில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்தது, எல்லாம் பேசினார்கள். ஆண்டியப்பன் செத்ததைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆசை என்று சொல்லலாமா தெரியவில்லை. அவரோடு டீ குடித்த ஆள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், வீட்டுப் படியேறி வந்து, “எப்படி ஆச்சு?” என்று கேட்க வேண்டும். இதை வாய்விட்டு எப்படிக் கேட்பது? கடைக்குச் சரக்கு அனுப்புங்க என்று கேட்கலாம். எங்க வீட்டுக்குத் துக்கம் கேட்க வாங்க என்று எந்தப் பொம்பளை கேட்பாள்?

போன வருஷம் கம்பெனி முழித்துக்கொண்டது. போனிலேயே வியாபாரம் நடந்தால் ஒட்டுதல் இருக்காது என்று யாரோ மேலிடத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். புதுக்கோட்டையில் ஒரு மகாலைப் பிடித்து, ‘மீண்டும் நேரில்’ என்று பேனர் கட்டி, எல்லாக் கடைக்காரர்களையும் அழைத்தார்கள். மணிமேகலை நீலச் சேலை கட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். குணா சாரும் அங்கே இருப்பார், ஆண்டியப்பனின் கூட்டாளிகள் அத்தனை பேரும் இருப்பார்கள். இன்றைக்கு யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பஸ்ஸில் உட்கார்ந்து மனசைத் தயார் செய்துகொண்டே போனாள். அழுதால் துடைக்க இரண்டு கர்சீப் வைத்திருந்தாள்.

வாசலில் குணசேகரன் நின்றார். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம். “அண்ணி! வாங்க வாங்க! நேர்ல பாக்க எம்புட்டுச் சந்தோசமா இருக்கு தெரியுமா!” என்று கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்துவிட்டு, மைக் செட்காரரைப் பார்க்க ஓடினார். உள்ளே ஒரே கலகலப்பு. திரையில் கட்டம் கட்டமாகப் பார்த்த முகங்களுக்கெல்லாம் காலும் வயிறும் முளைத்திருந்தன. நீங்கதானா அது என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டு செல்பி எடுத்தார்கள். அவளோடும் எடுத்தார்கள். “மேடம், ஒங்க ஏரியாவுல சேல்ஸ் பின்னுறீங்களாமே” என்றார்கள். நல்ல மனுஷர்கள்தான். யாரும் பல்லைக் காட்டிக்கொண்டு சாவைப் பற்றிப் பேச முடியாதே.

சென்னையிலிருந்து வந்த மேனேஜர் ஷர்லி மேடம், இனி பாதி ஆன்லைன், பாதி நேரில், இரண்டும் சேர்ந்தால்தான் உறவு என்று அழகாகப் பேசினார். மணிமேகலைக்கு ஒரு கேடயம் கொடுத்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, பழைய போட்டோக்களைத் திரையில் ஓட்டினார்கள். மூணாறு டூர் போன படம் வந்தது. ஓரத்தில், குல்லாய் போட்டுக்கொண்டு, ஆண்டியப்பன்.

அவள் எழுந்தே விட்டாள். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் படம் மாறிவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அந்தக் குல்லாய்க்காரர் கண்ணில் படவில்லை. குணசேகரன் அந்த நேரம் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கர்சீப் இரண்டும் மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்பின.

அப்படி இருந்தும் அவள் அவரை வெறுக்கவில்லை. மறுநாள் காலை வாய்ஸ் மெசேஜ் வந்தது, கேட்டாள், ஆர்டர் போட்டாள்.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, குணசேகரன் மனைவி சொர்ணவல்லியோடு காரில் வந்து அவள் வீட்டு வாசலில் இறங்கினார். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை. சொர்ணவல்லி கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. மேலே ‘திருமதி மணிமேகலை ஆண்டியப்பன்’ என்று எழுதியிருந்தது. அவள் பெயருக்கென்று வந்த முதல் கல்யாணப் பத்திரிகை அது. வாங்க வாங்க என்று அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

தாம்பாளத்தை நீட்டப் போன சொர்ணவல்லி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். மாலையும் சின்ன பல்புமாக ஆண்டியப்பன். நீட்டிய கை அப்படியே நின்றது. புருஷன் பக்கம் திரும்பி, “ஏங்க, அண்ணன் தவறுனதுக்கு நீங்க இங்க வந்து துக்கம் கேட்டுட்டீகல்ல?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அதெல்லாம் அப்பயே கேட்டாச்சு” என்றார் குணசேகரன், சட்டென்று.

சொர்ணவல்லிக்கு நம்பிக்கை இல்லை. துக்கம் கேட்காத வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைப்பதாவது! “வந்தாகளா அண்ணி?” என்று மணிமேகலையையே கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாம்பாளம் கைக்கு வந்துவிடும். மணிமேகலை அதைச் சொல்லத்தான் நினைத்தாள். “போன்ல கேட்டாரு” என்று வந்தது. “ரொம்ப அழுதாரு” என்று சேர்த்துக்கொண்டாள்.

“போன்லயா?” சொர்ணவல்லி தாம்பாளத்தை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

குணசேகரனின் முகம் செத்துவிட்டது. “அண்ணி, அப்ப லாக்டவுனு… அப்புறமும் தெனம் பேசிக்கிட்டே இருந்தமா, எனக்கு வந்துட்டுப் போன மாதிரியே இருந்துருச்சு அண்ணி. நெசமா.”

“எனக்குத் தெரியும் தம்பி” என்றாள். சார் போய்த் தம்பி வந்தது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. “நீங்க பேசப் பேச, இன்னைக்கு வருவீக நாளைக்கு வருவீகன்னு எனக்கு இருந்துச்சு.”

சொர்ணவல்லி அவள் கையைப் பிடித்தாள். “மனசுல வச்சுக்காதீங்க அண்ணி. வர்ற வியாழக்கிழமை முகூர்த்தக்கால் ஊனுறோம். ஊனிட்டா இவுக துக்கத்துக்குப் போகக் கூடாது. இப்பவே நல்ல காரியத்துக்குன்னு கெளம்பியாச்சு. கல்யாணம் முடியட்டும், ரெண்டு பேருமா வந்து கேட்டுக்கிறோம்.” அவள் சொன்னதில் தப்பே இல்லை. பெண்ணைப் பெற்றவள் அப்படித்தான் சொல்வாள்.

வந்த வேகத்தில் கார் திரும்பியது. குணசேகரன் மட்டும் கேட் அருகே நின்று, “போயிட்டு வாரேன் அண்ணி” என்றார்.

அதற்குப் பிறகு வாய்ஸ் மெசேஜ் நின்றுபோனது. சனி, திங்கள், செவ்வாய், ஷட்டரைத் தூக்கும்போது போன் சும்மா கிடந்தது. ‘load anuppiyachu’ என்று ஒரு வரி வந்தது. டைப் அடிக்காத மனுஷர் அடித்திருந்தார். மணிமேகலைக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. வந்தார் என்று ஒரு பொய் சொன்னால் என்ன கெட்டுவிடும்? இருந்த ஒரே ஒட்டுறவையும் வாயால் கெடுத்துக்கொண்டாயிற்று. இலக்கியா வேறு ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திட்டினாள். “போன்ல கேட்டா என்னம்மா? கொரோனால எல்லாரும் அப்படித்தான் கேட்டாங்க. எங்க ஆபீஸ்ல யாரையும் நான் நேர்ல பாத்ததே இல்ல, ஃப்ரெண்ட்ஸ் இல்லையா நாங்க?” மணிமேகலைக்கு அந்தப் பிள்ளை சொல்வதும் சரியாகத்தான் பட்டது.

புதன்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த நேரம், கேட் திறந்த சத்தம் கேட்டது. குணசேகரன். காரில் வரவில்லை. கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கி, அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து பொன்னமராவதி என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். கசங்கிய வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒன்றும் இல்லை. மறுநாள் அவர் வீட்டில் முகூர்த்தக்கால். சொர்ணவல்லியிடம் சொல்லிவிட்டு வந்தாரா, சண்டை போட்டுவிட்டு வந்தாரா, அவள் கேட்கவில்லை.

வணக்கம் சொல்லவில்லை. சிரிக்கவில்லை. செருப்பைத் தள்ளிக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வந்து, துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றார். அந்தக் கைகளை வாங்க அந்த வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லை. மாடிப்படியில் இறங்கிவந்த இலக்கியா, கழுத்தில் ஹெட்போனோடு திகைத்து நின்றாள். மணிமேகலை தலையை அசைத்தாள். பிள்ளை வந்து அவர் கைகளைத் தொட்டது.

“எங்காத்தா செத்தப்ப ஒங்கப்பா மரத்தத் தாண்டித் தாண்டி வந்துச்சு தாயி” என்றார். “நான் நாக்காலில உக்காந்து போன்ல அழுதுட்டுக் கெடந்தேன்.” அந்தப் பிள்ளையின் கைகளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

அப்புறம் தரையில் உட்கார்ந்தார். படத்தைப் பார்த்தபடியே கேட்டார். “எப்படி அண்ணி ஆச்சு?”

அவள் சொன்னாள். காய்ச்சல் வந்த ராத்திரியிலிருந்து சொன்னாள். மூச்சு வாங்கியதை, ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்றதை, மாஸ்க்கை இறக்கியதை. பீரோவில் சாவி இருக்கிறது என்றதை. போயிட்டு வாரேன் என்றதை. தம்பி சட்டியோடு தெருவில் நின்றதை. குரல் தடுமாறாமல்தான் சொன்னாள். இலக்கியா முதல்முறையாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடவே இருந்து பார்த்த அவளிடமும் அம்மா இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னதில்லை. குணசேகரன் மோட்டார் பேச்சு எடுக்கவில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டார்.

சொல்லி முடித்தபின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். பிறகு வாசலைப் பார்த்து நடந்தார்.

மணிமேகலை பழக்கத்தில் நிலைப்படி வரை வந்து நின்றாள். அந்த வார்த்தைக்காகக் காது தானாகக் காத்திருந்தது. அவர் செருப்பை மாட்டினார். கேட்டைத் திறந்தார், வெளியே போய் மெதுவாகச் சாத்தினார். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்.

“என்னம்மா, சொல்லாமக் கொள்ளாமப் போறாரு? கோவமா?” என்றாள் இலக்கியா.

“இல்ல தாயி. துக்க வீட்ல சொல்லிக்கிட்டுப் போக மாட்டாக.”

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். துக்க வீடு. தன் வீட்டை அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளே திரும்பிப் படத்தைப் பார்த்தாள். அவர் வர மாட்டார். கடையைத் திறந்து வைத்தாலும் வர மாட்டார். நிலைப்படியில் உட்கார்ந்தாள். எங்கிருந்து வந்ததோ, தெருவே கேட்கும்படி ஒரு அழுகை வந்தது. இலக்கியா பயந்துபோய் அம்மாவைக் கட்டிக்கொண்டு தானும் அழ ஆரம்பித்தாள்.

அடுத்த வீட்டு ரஞ்சிதா, அடுப்பைக்கூட அணைக்காமல், கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். “என்னாச்சு மணி? யாருக்கு என்ன?”

“எங்க வீட்டுக்காரரு செத்துப் போயிட்டாருக்கா” என்றாள் மணிமேகலை.